ஐந்தாம் மடங்கு

பல்செட்காரருக்குத் தன் சகலையின் மேல் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது, அவர் குரலைத் தாழ்த்திப் பேசிய அன்றைக்குத்தான்.

தாழ்த்திப் பேசுகிற ஆளே இல்லை அவர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்து, எது நிஜமான அடி, எது சொந்தக்காரனே சுத்தியலால் போட்டுக்கொண்ட அடி என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்கிற சர்வேயர். ஒர்க்‌ஷாப் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மாடியில் அவர் போன் பேசினால், கீழே இருப்பவர்களுக்கு அந்த வண்டியின் பம்பரிலிருந்து பின்விளக்கு வரை மனப்பாடமாகிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் படியிறங்கி வந்து, பின்னறைக்குள் நுழைந்து, கதவையும் சாத்திவிட்டு, "சகலை, ஒரு விஷயம். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்றால் யாருக்குத்தான் மூக்கு வியர்க்காது?

"உங்க ரேடியோவுல நீங்க பேசும்போதெல்லாம் மேல எஃப்.எம். கேக்க முடியல. கர்ரு கர்ருன்னு ஒரே இரைச்சல். நூத்தி ஆறுல."

நூற்றாறு என்றதும் பல்செட்காரர் நிமிர்ந்தார். அந்த எண்ணில்தான் அவருடைய மச்சினி, அதாவது இந்தச் சர்வேயரின் மனைவி, தினமும் மாலை நிகழ்ச்சி நடத்துகிறாள். கூடவே இன்னொரு ஆண் அறிவிப்பாளர். பாட்டு, அரட்டை, போக்குவரத்துச் செய்தி, நேயர்களோடு வம்பு. ஊரில் பாதிப் பேர் வேலை முடிந்து வீடு திரும்புவது அவள் குரலோடுதான்.

"அவ என்ன சொல்றா?"

"அவளுக்குத் தெரியாது. சொல்லவும் வேணாம். வருத்தப்படுவா." சர்வேயர் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார்.

வீடு மாமனார் கட்டியது. கீழே மூத்த மகள் குடும்பம், மேலே இளையவள் குடும்பம், மொட்டைமாடி பொது. பொது என்பதாலேயே அது எந்நேரமும் வழக்கில் இருந்தது. பல்செட்காரர் அங்கே ஒரு மூலையில் ஆன்டெனாக் கம்பம் நட்டிருந்தார். சர்வேயருக்கு அதே மூலையில் ஓர் அறை கட்ட ஆசை. "உங்க மீன்முள்ளு எப்ப இறங்கும்?" என்று வருஷத்தில் நாலு தடவையாவது கேட்டுவிடுவார்.

பல்செட்காரருக்கு வேலை ஒரு பல் ஆஸ்பத்திரியின் லேபில். மெழுகில் பல் செதுக்கி, அச்சு வார்த்து, மெருகேற்றுவது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் நேரே பின்னறைதான். அங்கேதான் அவருடைய அமெச்சூர் ரேடியோ. முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர். கண்காணாத தேசத்தில் இருக்கும் ஒரு மீன்பிடிக்காரரோடும், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவோடும் சொந்தக்காரர் மாதிரிப் பேசுவார். நெடுநாள் சின்ன சக்தியிலேயே பேசிக்கொண்டிருந்தவர், இந்த வருஷம்தான் ஒரு பெரிய கண்ணாடி வால்வைத் தேடிப்பிடித்து, சொந்தக் கையால் ஆம்ப்ளிஃபயர் கட்டி முடித்திருந்தார். முன்பு முணுமுணுத்த இடத்தில் இப்போது முழங்கினார்.

சகலை சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பதுதான் அவரை உறுத்தியது. எந்த ஆம்ப்ளிஃபயரும் நாம் கேட்ட அலையை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அழையா விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு வரும். ஹார்மோனிக் என்பார்கள். அவர் சாயங்காலங்களில் பேசுவது இருபத்தொன்று புள்ளி இரண்டு மெகாஹெர்ட்ஸில். அதை ஐந்தால் பெருக்கினால் சரியாக நூற்றாறு. மச்சினியின் உச்சந்தலையில் போய் உட்காரும்.

கணக்கு அப்படிக் கச்சிதமாகப் பொருந்தியதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கணக்கை யாரோ சகலைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"போன மாசம் அவ நிகழ்ச்சியைப் பத்தி நீங்க வாயை விட்டது மறந்துபோச்சா? பேச்சை விட விளம்பரம்தான் ஜாஸ்தின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. மூஞ்சி சுண்டிப்போச்சு அவளுக்கு. இப்ப நீங்க வேணும்னே அவ வாயை அடைக்கிறதா மேல் வீட்டுத் தம்பி நினைச்சிருப்பாரு."

"நான் வேணும்னு பண்ணுவேனா?"

"நான் சொல்லலைங்க. அவரு நினைக்கலாம்ல?"

"அவர் நினைக்கல. அவர் போடறது கணக்கு. இன்னைக்கு இரைச்சல்ங்கிறது, நாளைக்கு ஆன்டெனாவை இறக்குங்கிறது, நாளன்னைக்கு அங்க செங்கல் இறங்கும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க பெட்டியில தப்பில்லைன்னு முதல்ல காட்டுங்க. அப்புறம் அவரைப் பார்க்கலாம்."

இது நியாயமாகப் பட்டது. மறுநாளே ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினார்.

வால்வுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் இருக்கிற சுற்றில்தான் எல்லாமே இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கண்டென்சர், அந்தப் பக்கம் ஒரு கண்டென்சர், நடுவே தாமிரக் குழாயில் சுற்றிய காயில். வால்வின் முரட்டுச் சுபாவத்தை ஆன்டெனாவின் சுபாவத்தோடு சேர்த்துவைக்கிற தரகு வேலை அதற்கு. கூடவே, மேல் மடங்குகளை வாசலிலேயே நிறுத்துகிற காவல் வேலையும். காயில் பெரிதாகி, கண்டென்சர் சின்னதானால் காவல் தளர்ந்துவிடும், மடங்குகள் நழுவிப் போகும். ரொம்ப இறுக்கினாலோ காயிலுக்குள்ளேயே மின்சாரம் சுழன்று சுழன்று, தாமிரம் அடுப்புக் கம்பி மாதிரிக் கொதிக்கும். இரண்டுக்கும் நடுவே அவர் பிடித்திருந்த அளவு தப்பில்லை. இருந்தாலும் வெளிப்பக்கத்தில் இன்னொரு காயிலைச் சேர்த்துக் காவலை இரட்டிப்பாக்கினார்.

அதோடு நிறுத்தவில்லை. தனியாக ஒரு ஃபில்டர் பெட்டி செய்தார். உள்ளே தடுப்புகள் வைத்துச் சின்னச்சின்ன அறைகள், அறைக்கு ஒரு காயில். பக்கத்துப் பக்கத்துக் காயில்கள் ஒன்றோடொன்று கிசுகிசுத்துக்கொண்டால் ஃபில்டர் வெறும் அலங்காரப் பெட்டியாகிவிடும் என்பதால், ஒன்று படுத்தபடி, அடுத்தது நின்றபடி. நூற்றாறு வந்தால் நேரே பூமிக்குள் இறக்கிவிடும்படி தனியாக ஒரு காயிலும் கண்டென்சரும். லேபில் பல்லுக்கு மெருகேற்றும் சின்னத் தூரிகையாலேயே ஈயம் வைத்த இடங்களைத் துடைத்தார். மூடியைச் சுற்றி நெருக்கநெருக்கமாகத் திருகாணிகள் முடுக்கினார். மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள காத்துகூடப் போகாதே" என்றாள்.

"அதான் வேணும்."

பெட்டியை மாட்டி, அன்று சாயங்காலம் மீன்பிடிக்காரரோடு பேசினார். பேசி முடித்துத் திரும்பினால் கதவில் சகலை.

"இன்னும் இருக்கு, சகலை."

பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி, வாங்க, மேல போய் நானே கேக்குறேன்."

"இப்பவா? வேணாம்." சர்வேயர் படியை மறித்தாற்போல் நின்றார். "வீடு அலங்கோலமா கிடக்கு. நான் போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன், கேளுங்க."

போனில் மச்சினியின் குரல் கேட்டது. பாதி வார்த்தையில் அதன்மேல் கரகரவென்று ஏதோ ஏறி மிதித்தது. நின்றது. மறுபடி மிதித்தது. தான் பேசுகிற தாளம்தான் அது என்று பல்செட்காரருக்கே தெரிந்தது. ஆனால் பதிவை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாமே. பொய்யான அடிகளையே பார்த்துப் பார்த்துப் பழகியவருக்கு, பொய்யாக ஒரு அடி போடத் தெரியாதா?

அதற்கப்புறம் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவனித்தார். கூடத்து ரேடியோவை நூற்றாறில் வைத்து, மனைவியை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். "தெளிவா கேக்குதுங்க" என்றாள். எதிர்வீட்டுத் தையல்காரர் கடையில் நாள்முழுக்க அந்த நிலையம்தான் ஓடும். அவரிடம் கேட்டதற்கு, "உங்க மச்சினி குரல் தேன் மாதிரி வருது சார்" என்றார். ஆம்ப்ளிஃபயரில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, சக்தியை எல்லாம் சூடாக்கி விழுங்கிவிடும் டம்மி லோடில் மாட்டிப் பேசினார். மேலேயிருந்து புகார் வரவில்லை. அடுத்த நாள் மழை. அன்று ஆன்டெனாவோடுதான் பேசினார். அன்றைக்கும் சகலை இறங்கி வரவில்லை.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "மழைன்னா படியிறங்கச் சோம்பல். இரைச்சல் இருந்தா மழை வந்தா என்ன, வெயில் வந்தா என்ன?"

"ஒருவேளை அன்னைக்கு அவர் கேக்கலையோ என்னவோ."

"கேக்கலைன்னா எல்லா நாளும் கேக்கலைன்னுதான் அர்த்தம்."

அவருடைய ரேடியோ நண்பர் ஒருவர், கால்நடை டாக்டர், அலைகளைத் திரையில் போட்டுக் காட்டும் கருவி ஒன்றை வைத்திருந்தார். வண்டியில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஃபில்டருக்குப் பின்னால் மாட்டிப் பார்த்தார். திரையில் இருபத்தொன்றில் ஒரு கம்பம் நெட்டுக்குத்தலாக நின்றது. அதற்கப்புறம் நூற்றாறையும் தாண்டி வெறும் தரை.

"ஒரு புல்லுகூட முளைக்கல" என்றார் டாக்டர். "இவ்ளோ சுத்தமா நான் பார்த்ததில்ல. உங்க சகலை எதைக் கேக்குறார்?"

"அவர் எதையும் கேக்கல டாக்டர். என் கம்பத்தைக் கேக்குறார்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வெளியில எங்கயாவது..." என்று இழுத்தார். பல்செட்காரர் காதில் வாங்கவில்லை. அவருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி துணி காயப்போட மொட்டைமாடிக்கு வந்தபோது அவரும் ஏறிப்போனார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சகலை கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ரகசியம் காக்கச் சொன்னதே, அவள் காதுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும் என்றுதானே!

"ஏம்மா, உன் நிகழ்ச்சியை என் ரேடியோ கெடுக்குதாமே. உன் வீட்டுக்காரர் தினமும் வந்து சண்டை போடறாரு."

அவள் துணியை உதறுவதை நிறுத்தினாள். "யாரு, அவரா?"

"அவர்தான்."

"அத்தான், அவர் என் புரோகிராமைக் கேக்குறதே கிடையாது. கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டுட்டு, எனக்கு ரேடியோ சத்தமே ஆகாதுன்னுட்டார். எங்க வீட்ல ரேடியோவே இல்ல."

பல்செட்காரருக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. கையும் களவுமாக மாட்டினான்! ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. ஈரத்துணியைப் பிடித்தபடி எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்ல இல்லாதப்ப கேக்குறதா சொல்றாரா?"

"நீ பேசறப்ப நீ எப்படி வீட்ல இருப்பே?"

"அதான்." ஈரத்துணியை வாளியிலேயே திரும்பப் போட்டாள். "அத்தான், எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. நாளன்னைக்கு நான் லீவு. நிகழ்ச்சியை முன்னாடியே பேசிப் பதிவு பண்ணிட்டேன், அது பாட்டுக்கு ஒலிபரப்பாகும். அவருக்குச் சொல்லல, ஊருக்கு வெளியில இருக்கிற என் தோழியைப் பார்க்கப் போறதா இருந்தேன். போகல. நீங்க ரேடியோ பேசுங்க. இரைச்சல் வருதா இல்லையான்னு நானே கேக்குறேன்."

"எதுக்கு நீ? நான் பார்த்துக்கறேனே."

"இல்ல. இது எனக்குத் தெரியணும்."

அந்த நாள் வெயில் நன்றாகவே அடித்திருந்தது. கால்நடை டாக்டரைப் பின்னறையில் மைக் முன்னால் உட்காரவைத்துவிட்டு, பல்செட்காரரும் மச்சினியும் சத்தம் போடாமல் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கையில் ஒரு ஸ்பேனர். அவள் கையில் தையல்காரரிடம் இரவல் வாங்கிய, உள்ளங்கையளவு பேட்டரி ரேடியோ. அதில் அவளே பேசிக்கொண்டிருந்தாள். போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஏதோ சொல்ல, கூட இருந்தவர் பதிலுக்கு ஒன்று சொல்ல, அவள் கலகலவென்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் நடுவே கர்ர் என்றது.

பல்செட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. கர்ர், கர்ர். கீழே டாக்டர் பேசுகிற அதே தாளம்.

"நிஜமாத்தான் வருது" என்றாள் அவள்.

"இருக்காதே. ஃபில்டர் அவ்ளோ சுத்தம்..."

அவர் ரேடியோவை வாங்கிக்கொண்டு ஆன்டெனாக் கம்பத்தின் பக்கம் நடந்தார். கம்பத்தின் அடியில் வர வேண்டிய இரைச்சல், அங்கே குறைந்தது. அவருக்குப் புரியவில்லை. திரும்பித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தால் கூடியது. தொட்டியைச் சுற்றிப் பின்னால் போனதும் அவள் குரலே மூழ்கிப்போய், இரைச்சல் மட்டும் பாம்பாய்ச் சீறியது. அங்கே எப்போதோ துணிக்கொடி கட்டிய ஓர் இரும்புக் கால், துருவேறிச் சாய்ந்து நின்றது. அதன் கழுத்தில் ஒரு கட்டுக்கம்பி பலமாக முறுக்கியிருந்தது. கம்பியும் துருப்பிடித்திருந்தது. அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி, மழைத்தடுப்பின் ஓரமாகவே ஒளிந்து ஓடிக் கீழே இறங்கியது.

அப்போதுதான் டாக்டர் இழுத்துவிட்டு நிறுத்திய வாக்கியம் அவருக்கு முழுசாகக் கேட்டது. ஹார்மோனிக் பெட்டிக்குள் மட்டும் பிறப்பதில்லை. துருப்பிடித்த இரண்டு இரும்புகள் உரசுகிற இடம், ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடுகிற கதவு மாதிரி. பலமான சுத்த அலை அதன்மேல் விழுந்தால், அங்கேயே அது நசுங்கி, புதிதாக மடங்குகளைப் பெற்றுப்போடும். கம்பி அதை மாடியைச் சுற்றி வீசும், கீழ்வீட்டுக் கூடம் வரைக்கும் எட்டாது. வீட்டுக்குள்ளே எத்தனை ஃபில்டர் கட்டினாலும் வெளியே பிறந்ததைத் தடுக்க முடியாது. மழையில் துரு நனைந்துவிட்டால் அந்தக் கதவும் வேலை செய்யாது. அதனால்தான் மழை நாளில் சகலை வரவில்லை.

ஆக, சகலை பொய் சொல்லவில்லை. அவருக்கு நிம்மதிக்குப் பதிலாக ஏமாற்றமாக இருந்தது. அதைக் கவனித்து அவருக்கே கூச்சமாகவும் இருந்தது.

"இந்தக் கம்பி எங்க போகுது?" என்றாள் மச்சினி. சுவரில் குனிந்து எட்டிப் பார்த்தாள். கம்பி அவளுடைய படுக்கையறை ஜன்னலுக்குள் போயிற்று.

இருவரும் இறங்கினார்கள். அவள் தன் சாவியால் வாசற்கதவைத் திறந்தாள். படுக்கையறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. கதவு திறந்தது.

சர்வேயர் கழுத்தில் ஹெட்ஃபோனோடு நின்றார். அதிலிருந்து அவள் குரல் சன்னமாகக் கசிந்துகொண்டிருந்தது. அவர் ஹெட்ஃபோனைத் தொட்டுப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ ஸ்டேஷன்ல இருக்கே."

"அது முன்னாடியே பேசி வச்சது. இன்னைக்கு எனக்கு லீவு."

"லீவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே." அவர் கண் சுருங்கியது. நசுங்கிய வண்டியைப் பார்க்கிற பார்வை. "இப்படிப் பேசி வச்சுட்டு வெளிய போறது எத்தனை நாளா நடக்குது?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் கீழே மைக்கை எடுத்திருக்க வேண்டும், ஹெட்ஃபோன் கர்ர் என்றது. பல்செட்காரருக்கு ஸ்பேனரோடு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது. நகர்ந்தால் ஏதாவது சத்தம் வருமோ என்று நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னைப் பார்த்ததும் உங்களுக்கு வந்த முதல் கேள்வி இதுதானா?" என்றாள் அவள்.

அறைக்குள் போய்ப் பீரோவைத் திறந்தாள். மடித்துவைத்த சட்டைகளுக்கு நடுவே ஒரு ரேடியோ. கம்பி பீரோவின் பின்பக்கத்தைத் துளைத்து வந்திருந்தது.

"ரேடியோ சத்தமே ஆகாதுன்னீங்க. எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷமா." சர்வேயர் கட்டிலில் உட்கார்ந்தார். "இந்த அறையில சரியா எடுக்காது. கம்பி கட்டினப்புறம்தான் நல்லா கேட்டுச்சு. அப்புறம் சகலையோட மெஷின் வந்து கெடுத்துருச்சு."

"ஒரு வருஷமா என்ன கேட்டீங்க?"

அவர் பதில் சொல்ல மாட்டார் என்றுதான் பல்செட்காரர் நினைத்தார். ஆனால் தொழில் விடுமா? விபத்து இடத்தில் நின்று விவரம் சொல்வது மாதிரியே சொன்னார்.

"நேயர்கள் ஏதாவது சொன்னா நீ சின்னதா சிரிக்கிற. பாட்டைப் பத்திப் பேசினா ஒரு மாதிரி. அந்த ஆளு, உன்கூடப் பேசறானே அவன், அவன் சொன்னா மட்டும் மூச்சு வாங்கச் சிரிக்கிற. நடுவுல வார்த்தையே வராது உனக்கு." அவர் தரையைப் பார்த்தார். "வீட்ல நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

"வீட்ல யாராவது சிரிக்கிற மாதிரி ஏதாவது சொன்னாத்தானே?"

சொல்லிவிட்டு அவள் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பையை இறக்கினாள்.

அன்றிலிருந்து அவள் கீழ்வீட்டில் அக்காவோடு படுத்துக்கொண்டாள். காலையில் மேலே போய்த் தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வருவாள். பல்செட்காரர் தொட்டிக்குப் பின்னால் போய்க் கம்பியை வெட்டி, துருப்பிடித்த காலையும் பிடுங்கி எறிந்தார். நூற்றாறு கண்ணாடி மாதிரித் தெளிவானது. கேட்கத்தான் மேலே ஆள் இல்லை. சர்வேயர் அந்த நேரத்தில் வீட்டிலேயே தங்குவதில்லை.

ஜெயித்தவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டிய பல்செட்காரர், சில நாள் ஆம்ப்ளிஃபயரைத் தொடவேயில்லை. "ஏங்க, அதான் உங்க பெட்டி மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே" என்றாள் மனைவி.

"ஆயிடுச்சு. அதுக்கு அவ பொட்டி தூக்கணுமா?"

மனைவி அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு ரகசியம் போலச் சொன்னாள். "இன்னொரு கூத்து தெரியுமா? அந்த ஆளு இவகூட ஒரே அறையில உட்கார்ந்து பேசறதே இல்லையாம். அவர் இருக்கிறது வேற ஊரு ஸ்டேஷனாம். லைன்ல வராராம். நேர்ல ரெண்டு தடவைதான் பார்த்திருக்காளாம். மகளுக்கு ஏழாம் மாசமாம், தாத்தா ஆகப்போறாராம்."

பல்செட்காரர் துள்ளி எழுந்தார். "அட, இதைச் சொன்னா எல்லாம் முடிஞ்சுதே!"

"நானும் அதான் சொன்னேன். 'சொன்னா அவர் நிம்மதியாயிடுவார் அக்கா. அவர் நிம்மதியாகட்டும்னு நான் ஏன் சொல்லணும்? அந்த ஆளு பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தா மட்டும் அவர் நினைச்சது சரியாயிடுமா?'ன்னு கேக்குறா. நீங்களும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கச் சொன்னா."

சத்தியம் செய்தார். இரண்டு நாள் கழித்துச் சர்வேயர் பின்னறைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். ஆம்ப்ளிஃபயரின் முன்னால் நின்று, எல்லாத் திருகாணிகளையும் பார்த்தார்.

"அந்த ஆளைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

சர்வேயர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொரு பாகமாக.

"சகலை, என் மூஞ்சியில அடி எங்க பட்டிருக்குன்னு தேடாதீங்க" என்றார் பல்செட்காரர். "உங்களை நானும் அப்படித்தான் பார்த்துட்டு இருந்தேன். மழைக்கு நீங்க வரலைன்னா அதுக்கு ஒரு கணக்கு, படியை மறிச்சா ஒரு கணக்கு. எல்லாம் அழகா பொருந்துச்சு. மொட்டைமாடிக்காகத்தான் நீங்க பொய் சொல்றீங்கன்னு கோயில்லகூட அடிச்சுச் சத்தியம் பண்ணியிருப்பேன்."

"மொட்டைமாடியா?" சர்வேயர் நிஜமாகவே குழம்பினார். "அந்த அறை ஆசை எப்பவோ போயிடுச்சே. சும்மா உங்களை வெறுப்பேத்தத்தான் கேட்பேன்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சர்வேயர்.

"எனக்குத் தெரியாது. கேக்கணும்னா கூடத்துல உட்கார்ந்து கேளுங்க. எல்லாரும் கேக்குற மாதிரி."

அவர் வருவார் என்று பல்செட்காரர் நம்பவில்லை. ஆனால் மறுநாள் மாலை கூடத்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "உட்காரலாமா அண்ணி?" மனைவி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். சர்வேயர் சோபாவின் நுனியில், ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்து கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள், தொலைந்துபோன ஒரு குடையைப் பற்றி அந்த ஆள் ஏதோ சொன்னார். மச்சினி ரேடியோவுக்குள் மூச்சுத் திணறச் சிரித்தாள். சர்வேயரின் தோள் இறுகியதைப் பல்செட்காரர் பார்த்தார். பேசாமல் கிளம்பிவிடுவார் என்று நினைத்தார். அந்த ஆள் விடவில்லை, குடை திரும்பி வந்த கதையையும் சொன்னார். சர்வேயரின் வாயிலிருந்து புர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் இன்னும் அங்கேயே இருந்தார். அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"கேட்டீங்களா?"

"எல்லாரும்தான் கேட்டோம். அந்தக் குடைக் கதை நல்லா இருந்துச்சு. சிரிச்சுட்டேன்."

"சிரிச்சீங்களா?" அவள் நம்பவில்லை. அக்காவைப் பார்த்தாள். "நிஜமாவா அக்கா?"

"சிரிச்சாருடி. சோபாவே ஆடிச்சு."

அவள் கணவனின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். "அவர் யாரு, எங்க உட்கார்ந்து பேசறாருன்னு கேக்கணும்னு இருக்குமே உங்களுக்கு?"

"இருக்கு" என்றார் சர்வேயர். "கேக்க மாட்டேன்."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அன்றைக்கும் பை கீழேயேதான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளர் காபியோடு வந்து, ஒன்றை அவர் முன்னால் வைத்துவிட்டு, சோபாவின் அடுத்த நுனியில் உட்கார்ந்தாள். பல்செட்காரர் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.